இருவீச்சு எஞ்சினின் இரு பேரப்பிள்ளைகள்

நம் ஊர்ப் பக்கம் வல்லம் வடகால் சிப்காட்டில் இரண்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் உள்ளன. யமஹா 2015-லும் ராயல் என்பீல்டு 2017-லும் அங்கே உற்பத்தியைத் தொடங்கின. முன்னது ஜப்பானில் பிறந்தது. பின்னது இங்கிலாந்தில் பிறந்து, 1955-இல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் வேரூன்றியது. இவை இரண்டும் உறவு என்றால் நண்பர்கள் நகைப்பார்கள். ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பாட்டனார் உண்டு. அவர் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பெனி செய்த சிறிய இருவீச்சு வண்டி.

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால்தான் ஒரு வெடிப்பு. இருவீச்சில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. வால்வு கிடையாது, கேம் கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கும். விலையும் குறைவு, எடையும் குறைவு. குறை ஒன்றுதான்: பழைய புகை வெளியேறும்போதே புதுக்கலவையும் உள்ளே வருகிறது. பேருந்தில் முன்வாசலில் ஏறியவர் பின்வாசலில் இறங்கிவிடுவதுபோல, அதில் ஒரு பங்கு எரியாமலே ஓடிவிடும். நம் பாடநூலில் ஒரு வரியோடு முடியும் இந்த எஞ்சினின் வரலாறே இந்த ஓட்டத்தைத் தடுக்க நடந்த போராட்டந்தான்.

முதலில் பிஸ்டன் தலையில் திமில்போல் ஒரு மேடு வைத்தார்கள். அது கனத்தது, சூடேறியது. 1920-களில் ஷ்னூர்லே என்ற ஜெர்மானியர், துளைகளைச் சாய்வாக அமைத்து, கலவை எதிர்ச்சுவரில் மோதி மேலே சுழன்று திரும்பும்படி செய்தார். மேடு தேவையற்றுப் போயிற்று. அந்த உரிமையை டி.கே.டபிள்யூ. பெற்றது.

அதன் 98 சி.சி. வண்டியைப் பார்த்து ராயல் என்பீல்டு 125 சி.சி.யில் செய்த 'பிளையிங் பிளீ', இரண்டாம் உலகப் போரில் வான்படை வீரர்களோடு இறங்கியது. 1939-இல் வந்த ஆர்.டி. 125-ஐ முன்மாதிரியாகக் கொண்டே யமஹா 1955-இல் தன் முதல் வண்டியான ஒய்.ஏ.-1-ஐச் செய்தது.

போருக்குப்பின் பழைய டி.கே.டபிள்யூ. ஆலையில் எம்.இஸட். கம்பெனி இயங்கியது. அங்கே வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் வியக்கத்தக்க ஒன்றைச் செய்தார். புகைக்குழாயை வயிறு பெருத்து, முனை குறுகுமாறு அமைத்தார். வெடிப்பின் அழுத்த அலை குறுகலில் மோதித் திரும்பி, ஓடிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிற்று. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. வெறும் ஒலியலைப் பாடம்! 1961-இல் அவருடைய பந்தய வீரர் டெக்னர் மேற்கே தப்பியபோது, அந்த இரகசியம் சுசுகியைச் சேர்ந்தது.

என் தாய்மாமா தம் பழைய ராஜ்தூத்துக்குப் பெட்ரோல் போட்டால், எண்ணெயையும் அளந்து கலந்து குலுக்குவார். கூடினால் புகை, குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இந்தத் தொல்லையை யமஹா 1964-இல் தனி எண்ணெய்ப் பம்பு வைத்துத் தீர்த்தது. 1972-இல் அது பொருத்திய நாக்கு வால்வு, கலவை கார்புரேட்டருக்குத் திரும்பாமல் தடுத்தது. 1985-இல் இங்கு வந்த ஆர்.எக்ஸ். 100-இலும் அதுவே இருந்தது.

ஆயினும் ஓட்டம் முற்றிலும் நிற்கவில்லை. 2000-இல் புகை விதிகள் இறுகியபின் இருவீச்சு மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. 2024-இல் ராயல் என்பீல்டு தன் மின்சார வண்டிக்கு வைத்த பெயர் 'பிளையிங் பிளீ'. அதில் பெட்ரோலும் இல்லை, புகைக்குழாயும் இல்லை. மாமாவிடம் சொன்னேன்; சத்தமே வராதா என்று மட்டும் கேட்டார்.