லேசர் தொடாத முடிச்சு

என் அறையில் இரண்டு மாதிரிக் கப்பல்கள் இருக்கின்றன. அலமாரியின் மேல் துணி போர்த்தி நிற்பது விக்டரி. 1988ல் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. சன்னலோரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது அலெர்ட் என்னும் ஒற்றைப் பாய்மரக் கட்டர். போன ஆண்டு தொடங்கி ஏழு மாதத்தில் முடித்தது. முதலாவதைக் கட்டியபோது எனக்கு முப்பது வயது. கை நடுங்காது, கண்ணாடி தேவையில்லை. இரண்டாவதைக் கட்டியபோது நெற்றியில் உருப்பெருக்கி மாட்டிக்கொள்ளாமல் எதுவும் தெரியவில்லை. ஆனால் வருகிறவர்கள் பார்த்து வியப்பது அலெர்ட்டைத்தான். இந்த இடைவெளியில் என் கை தேறிவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். தேறியது கையல்ல, உறுப்புகள் வரும் பெட்டி.

விக்டரி வந்த பெட்டி, லண்டனில் ஒரு சந்துக்கடையில் வாங்கியது. மேலட்டையில் முப்பத்தேழு பாயும் விரித்த கப்பலின் படம். மூடியைத் திறந்தால் கப்பலின் சாயலே இல்லை. ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய மரக்கீற்றுகள், உருளைக் குச்சிகள், சில பிளைவுட் தகடுகள், சின்னப் பிளாஸ்டிக் பைகளில் ஈய நிறத்து வார்ப்புகள், நூல்கண்டுகள். அடியில் மடித்து வைத்த பெரிய வரைபடங்கள். பிளைவுட் தகட்டில் குறுக்குப் பலகைகளின் வடிவத்தை மையால் அச்சிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். நுண்ணிய ரம்பத்தால் கோட்டின் மேல் அறுத்து எடுப்பது நம் பொறுப்பு. கோட்டின் உட்புறம் அறுத்தால் கப்பல் மெலியும், வெளிப்புறம் அறுத்தால் தடிக்கும். இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக அறுத்தால் என் விக்டரி மாதிரி ஆகும். எலும்புக்கூட்டை மட்டும் நிறுத்தி முடிக்க ஆறு வாரம் பிடித்தது.

வழிகாட்டிக் குறிப்பு வேறொரு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குத் தட்டுத்தடுமாறி வந்த நான்கு பக்கம். இரண்டாம் பக்கத்தில், உடலுக்குப் பலகை அடித்து முடிக்கவும் என்ற பொருளில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியைக் கடக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.

பலகை அடிப்பது கேட்பதற்கு எளிது. கப்பலின் நடுவில், மேல்தட்டு விளிம்பிலிருந்து ஏரா என்னும் அடிக்கட்டை வரைக்கும் நாடா வைத்து அளந்தால் 120 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கீற்றின் அகலம் 5 மில்லிமீட்டர் என்றால் இருபத்துநான்கு கீற்று. அதே இருபத்துநான்கு கீற்றும் அணியத்தில் போய்ச் சேர வேண்டிய இடமோ 70 மில்லிமீட்டர்தான். ஆகவே ஒவ்வொரு கீற்றும் முன்முனையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக இளைத்தாக வேண்டும். இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை. முழு அகலத்தில் ஐந்தாறு கீற்றை ஒட்டிவிட்டேன். முன்முனையில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சீறும் பூனையின் முதுகுபோல் வளைந்து நின்றன. வெந்நீர் வைத்து ஒட்டை இளக்கிப் பிரித்தேன். பிறகு ஒவ்வொரு கீற்றையும் தண்ணீரில் ஊறவைத்து, சூட்டுக்கோலில் வளைத்து, விளிம்பைச் சிறு இழைப்புளியால் இழைத்து, வெள்ளைப் பசை தடவி, ஊசி குத்தி நிறுத்திவிட்டு உறங்கப் போவேன். ஓர் இரவுக்கு இரண்டு பலகை. சமநிலை கெடாதிருக்க இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதற்கு மேல் பசை விடாது.

ஏரா, அணியம், பாய் தாங்கும் பருமல், கயிறு ஓடும் கப்பி என்றெல்லாம் எழுதும்போது ஓர் ஆறுதல் இருக்கிறது. ஆங்கிலேயரின் போர்க்கப்பலைப் பற்றி எழுத ஒரு சொல்லைக்கூடப் புதிதாகச் செய்யவேண்டியதில்லை. தோணி கட்டியவர்கள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அலெர்ட்டின் பெட்டி அஞ்சலில் வந்தது. திறந்ததும் கருகல் வாசனை, அடுப்படியில் மரத்தூள் தீய்ந்த மாதிரி. தகடு தகடாக மரம். ஒவ்வொரு தகட்டிலும் லேசர் அறுத்த உறுப்புகள் மூலைக்கொரு சின்னக் காம்பில் தொங்குகின்றன. காம்பைக் கத்தியால் நறுக்கினால் போதும். குறுக்குப் பலகைகளை ஏராவின் வெட்டில் பொருத்தினேன். பசை இல்லாமலே நின்றது. ஆறு வாரத்து வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது. அன்று மாலை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

குறிப்புப் புத்தகம் ஒவ்வொரு படிக்கும் வண்ணப்படம் காட்டுகிறது. எங்கே ஐயம் வருமோ அங்கே நான்கு கோணத்தில் படம். முன்பு வரைபடத்தின் மேல் கவிழ்ந்து, பக்கவாட்டுத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு விட்டம் எங்கே போய் முடிகிறது என்று மனசுக்குள் கட்டிப் பார்ப்பேன். சில நாள் அலுவலகம் போகும் ரயிலிலும் அதே சிந்தனை. இப்போது அந்தச் சிந்தனையை வேறொருவர் எனக்காகச் செய்து முடித்து, பக்க எண் போட்டு அனுப்பிவிட்டார். நன்றாகவே செய்திருக்கிறார். என் கப்பல் இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பது அவரால்தான். லேசர் கருக்கிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வெளுப்பாக்குவது மட்டும் எனக்கு விட்டு வைத்த புது வேலை. தேய்த்துக்கொண்டே இருந்தால் உறுப்பு சிறுத்துவிடும், தேய்க்காவிட்டால் கறுப்புக் கோடு தெரியும். இந்தத் தலைவலி 1988ல் இல்லை.

உலோக வேலையில் வேறுபாடு இன்னும் கூடுதல். பழைய பெட்டியில் வந்த முகப்புச் சிற்பம் ஈயம் உருகி உறைந்த கட்டி. விக்டரியின் முகப்பில் அரசச் சின்னத்தை இருபுறமும் இரண்டு குழந்தைகள் தாங்கி நிற்பார்கள். என்னுடையதில் இரண்டு உருளைக்கிழங்குகள் தாங்குகின்றன. இப்போது முப்பரிமாண அச்சில் வரும் பிசின் உருவங்களுக்கு மூக்கு உண்டு, விரல் உண்டு. பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுத்த சன்னல் கம்பிகள் முடியைவிடச் சற்றே தடிப்பு.

மரமும் மாறிவிட்டது. அன்றைய பெட்டிகளில் பருமலுக்கும் பாய்மரத்துக்கும் பெரும்பாலும் ராமின் குச்சி, மேற்பலகைக்கு வால்நட்டும் மகாகனியும். தென்கிழக்காசியக் காடுகளில் ராமின் அருகிப்போக, 2004ல் பாங்காக்கில் கூடிய அழிநிலை உயிரின வாணிக மாநாடு அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற்றியது. பெரிய இலை மகாகனிக்கு அதற்கு இரண்டாண்டு முன்பே அந்த நிலை. இன்று நல்ல பெட்டிகளில் பேரிக்காய் மரம் வருகிறது. இழை தெரியாத, வெண்ணெய்போல் வெட்டுப்படும் மரம். வால்நட்டின் பெரிய இழையோட்டம் சின்னக் கப்பலில் ஏறினால், அளவைப் பெருக்கிப் பார்க்கும்போது ஒவ்வொரு துளையும் கைவிரல் நுழையும் பள்ளமாகிவிடும். அது தெரிந்தும், ஈரத்தில் வால்நட் விடும் அந்தக் கசப்பு வாசனையைப் பேரிக்காய் மரம் தருவதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் 'அன்று' என்பதை 1988ல் தொடங்குவது எனக்கு வசதி, அவ்வளவே. பெட்டி வாங்கிக் கட்டும் எங்களைக் கப்பல்காரர்களாகவே மதிக்காத ஒரு தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. மருத்துவரான லாங்ரிட்ஜ் விக்டரியை 48ல் ஒரு பங்கு அளவில் ஒவ்வோர் உறுப்பாகத் தானே செய்து, அதைப் பற்றி 1955ல் ஒரு புத்தகமும் எழுதினார். அந்தக் கப்பல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அவர் கப்பி வாங்கவில்லை, மரத்தில் செதுக்கினார். அவருக்கும் முன்னால், 1797 முதல் 1814 வரை இங்கிலாந்தின் பீட்டர்பரோவுக்கு அருகே நார்மன் கிராஸ் முகாமில் அடைபட்டிருந்த பிரெஞ்சுப் போர்க் கைதிகள், உணவில் கிடைத்த மாட்டெலும்பைச் சேர்த்துச் சீவிக் கப்பல் கட்டிச் சந்தையில் விற்றார்கள். அவர்களுக்கு வரைபடம் இல்லை, நினைவுதான் இருந்தது. சிலவற்றில் பீரங்கிகள் கப்பலுக்குப் பெரியவை, பாய்மரம் நெட்டை. இன்றைக்கு அருங்காட்சியகங்களில் ஆள்கள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பது அவற்றின் முன்னால்தான். லேசர் பெட்டியைப் பார்த்து நான் முணுமுணுக்கும்போதெல்லாம், என் ரப்பர் பட்டைக் கீற்றுகளைப் பார்த்து அந்தக் கைதி என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அன்று நாங்கள் அறிந்ததாக நம்பியதும் இடம் பெயர்ந்துவிட்டது. விக்டரிக்கு நான் பூசியது கடுகு மஞ்சள். போர்ட்ஸ்மத்தில் நின்ற உண்மை விக்டரியும் அப்போது அந்த நிறம்தான். பார்த்து வந்துதான் பூசினேன். பிறகு பூச்சின் பழைய அடுக்குகளைச் சுரண்டி ஆராய்ந்தார்கள். 1805ல் நெல்சனின் தலைமையில் டிரஃபால்கர் போருக்குப் போன விக்டரி, வெளிறிய மணல் நிறத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு ஓடிய கப்பல் என்று தெரியவந்தது. 2015ல் உண்மைக் கப்பலை அந்த நிறத்துக்கு மாற்றினார்கள். உலகமெங்கும் வரவேற்பறைகளில் நிற்கும் மஞ்சள் விக்டரிகள் ஒரே நாளில் பழசாயின. என்னுடையதும்தான். மாற்றிப் பூச மனமில்லை. அது 1805ன் நிறமல்ல என்றாலும் 1991ன் நிறம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சின்னக் கப்பல் பெரியதை முந்தியது. போர்ட்ஸ்மத் விக்டரியின் கீழ்ப் பாய்மரங்கள் இரும்பு. 1890களில் ஷா என்னும் வேறொரு போர்க்கப்பலிலிருந்து எடுத்து நட்டவை. நெல்சன் கண்டதுபோல் மரத்தாலான பாய்மரம் வேண்டுமென்றால் மேசை மேல்தான் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, கயிறு வேலை தொடங்கியதும் அன்றும் இன்றும் ஒன்றாகிவிடுகின்றன. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துக் கட்டும் தடித்த கயிறுகளின் குறுக்கே, மாலுமி ஏறுவதற்கு ஏணிப்படிபோல் மெல்லிய கயிறுகள் ஓடும். உண்மைக் கப்பலில் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 13 அங்குலம். அலெர்ட்டை நான் கட்டியது 64ல் ஒரு பங்கு. ஆகவே 5 மில்லிமீட்டர். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு தடிக்கயிற்றைத் தாண்டும் இடத்தில் ஒரு முடிச்சு: இருமுறை சுற்றி, தன்னடியில் தானே நுழைந்து இறுகும் முடிச்சு. இறுக்கினால் தடிக்கயிறுகள் உள்வாங்கி இடுப்புச் சிறுத்துவிடும், தளர்த்தினால் படி தொய்யும். கயிறுகளுக்குப் பின்னால் 5 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட அட்டையைச் செருகிக்கொண்டு, அதைப் பார்த்தபடி இடுக்கியால் கட்ட வேண்டும். 1990களில் ஓய்வு பெற்ற சரக்குக் கப்பல் மாலுமி ஒருவர், என் அண்டை வீட்டுக்காரர், இந்த முடிச்சைக் கட்டைவிரல் தடிப்புள்ள கயிற்றில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டினார். அவர் சொல்லித் தந்த முறையில்தான் போன ஆண்டும் போட்டேன். அலெர்ட்டின் பெட்டியில் நூல் நன்றாக இருந்தது, முன்புபோல் மயிர் விடவில்லை. கப்பிகளின் துளையில் பிசிறு இல்லை. ஆனால் முடிச்சை யாரும் போட்டு அனுப்பவில்லை. எலும்புக்கூட்டுக்கு ஒரு பிற்பகல் போதுமாயிருந்த அந்தக் கப்பலுக்குக் கயிறு கட்ட மூன்று மாதம் ஆயிற்று. விக்டரியில் ஏழில் ஒரு பங்கு கயிறுகூட அதில் இல்லை என்பேன். உண்மை விக்டரியின் கயிற்றை நீட்டினால் 26 மைல் என்கிறார்கள்.

விக்டரி நின்றுபோனதும் அந்த இடத்தில்தான். முன் பாய்மரம் நட்டு, ஒரு பக்கத்து ஏணியில் பாதி முடிச்சுப் போட்டிருந்தேன். மகள் பிறந்தாள்; மேசை வேறு காரியத்துக்குத் தேவைப்பட்டது. நடுப் பாய்மரமும் பின் பாய்மரமும் செதுக்கி மெருகேற்றியபடியே பெட்டிக்குள் இருக்கின்றன.

போன கோடையில் பல ஆண்டு கழித்துப் போர்ட்ஸ்மத் போனேன். 1922 முதல் அதே உலர்துறையில் நிற்கும் கப்பல், இப்போது சாரத்துக்குள் இருக்கிறது. பூஞ்சையும் வண்டும் அரித்த கட்டைகளை மாற்றிப் புதிய ஓக் பலகை ஏற்றும் வேலை 2022ல் தொடங்கியது. பத்தாண்டுக்கு மேல் நடக்கும் என்கிறார்கள். கப்பல் முழுவதையும் லேசரால் அளந்து கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மேல் பாய்மரங்களை 2011லேயே இறக்கியாயிற்று; 2021ல் நடுப் பாய்மரத்தையும் தூக்கிவிட்டார்கள். பழைய பலகை கழன்ற இடத்தில் விலாக்கட்டைகளான வங்குகள் வரிசையாகத் தெரிந்தன, என் மேசை மேல் ஆறு வாரம் நின்றதுபோல.

வீட்டுக்கு வந்து அலமாரியின் மேலிருந்த துணியை விலக்கினேன். உருளைக்கிழங்குக் குழந்தைகள், கடுகு மஞ்சள், பாதி ஏறிய ஏணி. நடுப் பாய்மரம் இல்லை. இப்போதைக்கு அங்கேயும் இல்லை.