அலை மேல் சவாரி

கள்ளக்குறிச்சிக்குக் கல்வராயன் மலை பக்கம், கடல்தான் தூரம். ஒரு மாறுதலுக்குத் தம்பதிகள் கடலைத் தேடிப் புறப்படலாமே! விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டினால் கோவளம். மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார்.

"பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த விளையாட்டு?" என்பார் மாமியார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தங்கம் பிரேசில் மீன் வியாபாரியின் மகன் இதாலோ ஃபெரேராவுக்கு. பெண்கள் தங்கம் ஹவாய்த் தீவின் கரிஸ்ஸா மூருக்கு!

ஆனால் முதலில் நீச்சல், பிறகுதான் பலகை. நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள்.

அவர் அலையில் மிதக்க, நீங்கள் செருப்புக்குக் காவலா? இந்தத் தடவை அந்த உத்தியோகம் அவருக்கே இருக்கட்டும்!