தொழிலக மனோதத்துவ நிபுணரும் சட்டப் பதிவும்

தொழிலகங்களில் மனோதத்துவ நிபுணர் ஆற்றும் பணிகள் இருவகைப்படும். ஆட்களைத் தேர்ந்தெடுக்கச் சோதனைகள் நடத்துதல், பயிற்சி முறைகளை வகுத்தல், களைப்பிற்கும் விபத்திற்கும் காரணங்களை ஆராய்தல் ஆகியன முதல் வகை. அச்சத்தாலோ மனச்சோர்வாலோ துன்புறும் தொழிலாளரைப் பரிசோதித்து, நோயை அறிந்து, சிகிச்சை அளித்தல் இரண்டாம் வகை. இவ்விரண்டிற்கும் சட்டம் விதிக்கும் தகுதி ஒன்றன்று.

முதல் வகைப் பணிக்கு ரயில் எஞ்சின் ஓட்டுநர் பதவிக்கு நடைபெறும் உளத்திறன் சோதனை ஓர் எடுத்துக்காட்டாகும். இத்தகைய பணிக்கெனத் தனி உரிமம் எதனையும் மத்தியச் சட்டம் ஏற்படுத்தவில்லை. பட்டத்தையும் அனுபவத்தையும் ஆராய்ந்து அமர்த்துவது நிர்வாகத்தின் பொறுப்பே.

இரண்டாம் வகையின் நிலை வேறு. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுச் சட்டத்தின் கீழ் வரும் சிகிச்சை மனோதத்துவ நிபுணர், அங்கீகாரம் பெற்ற தகுதியுடன் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருத்தல் வேண்டும். பதிவின்றித் தொழில் நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. 2021ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மற்றொரு சட்டம், துணைச் சுகாதாரத் தொழில்களின் பட்டியலில் ஏனைய மனோதத்துவ நிபுணரையும் சேர்த்துள்ளது. எனினும் தொழிலக நிபுணர் என்னும் தனிப் பிரிவு அதில் இல்லை.

இவ்வேறுபாட்டை மறந்தால் தீங்கு தொழிலாளருக்கே. தேர்வுச் சோதனையில் குறைந்த மதிப்பெண் பெற்றவர், அல்லது மேலாளரோடு கருத்து மாறுபட்டவர், ‘மனநோயாளி’ எனக் குறிக்கப்பட்டு வேலையை இழக்க நேரிடலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதனைத் தடுக்கிறது. சமூகத்தில் நிலவும் தொழில் நெறிகளுக்கு இணங்காமை மனநோய்க்குச் சான்றாகாது என்றும், முன்பு சிகிச்சை பெற்றமை ஒன்றே ஒருவரை இன்று நோயாளி எனக் கருதப் போதிய காரணமாகாது என்றும் அது விதிக்கிறது. மனநலம் பற்றிய செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையும் அதில் உண்டு.

ஆகவே, களப்பணியாளர் தம் பகுதித் தொழிலகத்திற்கு ஒரு நிபுணர் வந்தால், அவர் செய்யவிருக்கும் பணி யாது, சிகிச்சையாயின் பதிவு எண் யாது, பரிசோதனை முடிவுகள் யாரிடம் சேரும் என்னும் மூன்றையும் கேட்டறிவது நலம். இத்துறையை நாடும் மாணவருக்கு, மனோதத்துவத்தில் முதுகலைப் பட்டம் மட்டும் சிகிச்சை அளிக்கும் உரிமையைத் தந்துவிடாது என்பதை ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தல் வேண்டும்.