ஒவ்வொரு லேண்டிங்கிலும் ஓடுற மீட்டர்: விமானத்தோட கால்களுக்கு யார் பணம் எடுத்து வைக்கிறாங்க?



விமானம் தரையைத் தொடும்போது 'டம்'னு ஒரு சத்தம் கேட்கும், சீட்டு ஒரு குலுக்கு குலுங்கும். அடுத்த நொடியே பாதிப் பேர் போனை எடுத்து ஏர்பிளேன் மோடை ஆஃப் பண்ணுவாங்க. நமக்கு அது பயணம் முடிஞ்ச சத்தம். ஏர்லைன் கம்பெனியோட கணக்கு எழுதுறவருக்கு அது ஒரு செலவோட சத்தம். அந்தச் செலவுக்கு இன்னைக்கு பில் வராது, இந்த வருஷமே வராது. ஆனா கண்டிப்பா வரும். எப்போ வரும்னுகூட கிட்டத்தட்ட தெரியும்.

ஏர்லைன் பங்குகளைப் பத்தி பேசும்போது எல்லாரும் எரிபொருள் விலை, டாலர் ரேட்டு, டிக்கெட் விலை இதைத்தான் பார்க்கிறோம். இன்னைக்கு லேண்டிங் கியர் பக்கம் போகலாம். விமானத்தோட கால்கள். ஒரு சிஏ-வா எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இதுல இருக்கு.

10 வருஷம் அல்லது 20,000 லேண்டிங்

நம்ம ஊர்ல நாம அதிகமா ஏறுற ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானத்துக்கு மூணு கால். இறக்கைப் பக்கம் ரெண்டு, மூக்குக்குக் கீழே ஒண்ணு. 60 டன்னுக்கு மேல எடையை வேகமா கீழே வரும்போது தாங்கணும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாடியும் பைலட்டோ இன்ஜினியரோ விமானத்தைச் சுத்தி வந்து பார்ப்பாங்க: டயர் எப்படி இருக்கு, ஆயில் கசியுதா, ஷாக் அப்சார்பர்ல பளபளன்னு தெரியுற கம்பி எவ்வளவு நீளம் வெளியே இருக்கு. குறிப்பிட்ட இடைவெளியில கிரீஸ் அடிப்பாங்க. டயரும் பிரேக்கும் தனிக்கணக்கு, அது அடிக்கடி மாறும்.

பெரிய செலவு ஓவர்ஹால்தான். ஏ320, போயிங் 737 வகை விமானங்கள்ல பொதுவா 10 வருஷம், இல்லைன்னா 18,000 முதல் 20,000 லேண்டிங், இதுல எது முதல்ல வருதோ அப்போ மொத்தக் காலையும் கழட்டி அனுப்பியாகணும். கால் திரும்பி வர்ற வரைக்கும் விமானம் சும்மா நிக்க முடியாது. அதனால ஏற்கனவே ஓவர்ஹால் முடிஞ்ச வேற செட்டை மாட்டிட்டு விமானம் கிளம்பிடும்.

பட்டறையில என்ன நடக்குது? ஒவ்வொரு பாகமா பிரிப்பாங்க. பெயின்ட், மேல இருக்குற குரோமியம், காட்மியம் பூச்சு எல்லாத்தையும் உரிச்சு வெறும் இரும்பைப் பார்ப்பாங்க. இரும்பை காந்தமாக்கி, ஒளிரும் துகள் கலந்த திரவத்தை மேல ஓடவிட்டு புற ஊதா விளக்கைக் காட்டினா, கண்ணுக்குத் தெரியாத விரிசல் கோடு போட்ட மாதிரி பளிச்னு தெரியும். துருப் பிடிச்ச இடத்தைச் சுரண்டி எடுப்பாங்க. சுரண்டினதுக்கு அப்புறம் தடிமன் அனுமதிச்ச அளவுக்குக் கீழே போயிட்டா அந்தப் பாகம் குப்பைக்குத்தான். தேறின பாகத்து மேல சின்னச் சின்ன குண்டுகளை வேகமா அடிச்சு மேற்பரப்பை இறுக்குவாங்க. மறுபடி பூச்சு.

இதுல எனக்கு ஆச்சரியமா இருந்தது ஒரு சமாச்சாரம். பூச்சு பூசுற அந்த வேலையே இரும்புக்குள்ள ஹைட்ரஜனை ஏத்திவிடும். அப்படியே விட்டா, இவ்வளவு வலுவான இரும்பு ஒருநாள் சொல்லாம கொள்ளாம கண்ணாடி மாதிரி உடையும். அதனால பூசி முடிச்ச சில மணி நேரத்துக்குள்ள அடுப்புல வச்சு, கிட்டத்தட்ட 190 டிகிரி செல்சியஸ்ல 23 மணி நேரம் சுடுவாங்க. "சீக்கிரம் முடிங்க, டிஸ்கவுன்ட் குடுங்க"ன்னு பேரம் பேசுற செலவு இல்லை இது.

உங்க டிக்கெட்ல 11 ரூபாய்

இப்போ கணக்குக்கு வருவோம். சௌகரியத்துக்காக ஒரு செட் ஓவர்ஹாலுக்கு 4 கோடி ரூபாய்னு வச்சுக்கலாம். 20,000 லேண்டிங்னா, ஒரு லேண்டிங்குக்கு 2,000 ரூபாய். 180 சீட்டும் நிறைஞ்சிருந்தா ஒரு ஆளுக்கு 11 ரூபாய்தான். 'ப்பூ, இவ்வளவுதானா'ன்னு தோணும்.

ஆனா 'எது முதல்ல வருதோ'ங்கிற வார்த்தையை மறந்துடாதீங்க. ஒரு விமானம் தினமும் 5 தடவை இறங்குதுன்னா 10 வருஷத்துல 18,250 லேண்டிங். 20,000 முடியுறதுக்குள்ள வருஷக் கெடு வந்துடும். அப்போ ஒரு லேண்டிங்குக்கு கிட்டத்தட்ட 2,190 ரூபாய். அதுல 2 வருஷம் விமானம் சும்மா நின்னுடுச்சுன்னா? 14,600 லேண்டிங்தான், ஒண்ணுக்கு 2,740 ரூபாய். கோவிட் சமயத்துல ஓடாம நின்ன விமானங்களுக்கு நடந்தது இதுதான். டிக்கெட் வருமானம் நின்னுது, காலண்டர் நிக்கலை.

ஓட்டாத பொருளுக்கு எதுக்குக் கெடு? துரு, லேண்டிங்கை எண்ணிட்டு வர்றது இல்லை. மழைக்கும் ஈரத்துக்கும் உப்புக்காத்துக்கும் நின்னுக்கிட்டிருந்தாலே போதும்.

ஏழு வாரத்துல மூணு விபத்து

துரு என்ன செய்யும்னு 2007-ல ஸ்காண்டிநேவியாவோட எஸ்ஏஎஸ் ஏர்லைன் பார்த்தது. அவங்ககிட்ட பம்பார்டியர் தயாரிச்ச டாஷ் 8 க்யூ400 விமானங்கள், புரொப்பெல்லர் வகை, 27 இருந்துச்சு. செப்டம்பர் 9, டென்மார்க்கோட ஆல்போர்க்: தரையைத் தொட்டதும் வலது கால் மடங்கிடுச்சு. மூணே நாள் கழிச்சு, செப்டம்பர் 12, லித்துவேனியாவோட வில்னியஸ்: அதே ரக விமானம், அதே வலது கால். அக்டோபர் 27, கோபன்ஹேகன்: மூணாவது. நல்லவேளை, மூணுலயும் ஒரு உயிர்கூடப் போகலை.

ஆல்போர்க்ல என்ன ஆச்சுன்னு பாருங்க. காலை ஏத்தி இறக்குற ஹைட்ராலிக் கம்பியோட முனை, மரை போட்டு முடுக்கின ஒரு பாகம். அந்த மரை உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு. கால் இறங்கும்போது அதைப் பிடிச்சு மெதுவா விட வேண்டிய கம்பி கழண்டுக்கிட்டதால, கால் தன் எடையில தொபுக்கடீர்னு விழுந்து, பூட்டிக்க வேண்டிய அமைப்பு சேதமாயிடுச்சு. ரெண்டாவது விபத்துக்கு அப்புறம், 10,000 லேண்டிங்குக்கு மேல ஆன க்யூ400 எல்லாத்தையும் நிறுத்திச் சோதிங்கன்னு பம்பார்டியரே சொல்லுச்சு. மூணாவதுக்குக் காரணம் துருவே இல்லை, இடம் மாறின ஒரு ரப்பர் வளையம் ஆயில் போற வழியை அடைச்சுக்கிச்சு. ஆனா எஸ்ஏஎஸ் அதுவரைக்கும் காத்திருக்கலை. அடுத்த நாளே 27 விமானத்தையும் மொத்தமா ஓரங்கட்டிடுச்சு.

2008-ல பம்பார்டியர், கால் தயாரிச்ச குட்ரிச் ரெண்டு கம்பெனியோடயும் சமரசம் ஆச்சு. எஸ்ஏஎஸ்-க்குக் கிடைச்சது 100 கோடி ஸ்வீடன் குரோனாவுக்குக் கொஞ்சம் மேல, அதுலயும் ஒரு பகுதி ரொக்கம், மீதி புது விமான ஆர்டர்ல கழிவு. ஒரு மரைக்கு இவ்வளவு!

கெடுவைப் பத்தி இன்னொரு சம்பவமும் சொல்லணும். 2021 ஜூன் 18, லண்டன் ஹீத்ரோ. நின்னுக்கிட்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 787 விமானத்துல சரக்கு ஏத்திக்கிட்டே ஒரு சோதனைக்காக கியர் லீவரை இயக்கினாங்க. மூக்குக் கால் மடங்காம இருக்கப் போட வேண்டிய பூட்டு ஊசி பக்கத்து ஓட்டையில சொருகியிருந்துச்சு. விமானம் மூக்குகுத்தி விழுந்துச்சு, ரெண்டு பேருக்கு லேசான காயம். அந்தத் தப்பு ஓட்டையை அடைச்சுடுங்கன்னு அமெரிக்காவோட எஃப்ஏஏ 2020 ஜனவரியிலேயே உத்தரவு போட்டிருந்துச்சு. 36 மாசம் டைம். கெடு முடியலை, அதனால அந்த விமானத்துல இன்னும் அடைக்கலை. விதிப்படி யாரும் தப்பு பண்ணலை. வருமான வரி தாக்கலுக்கு கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு எனக்கு போன் பண்றவங்க இதை ரெண்டு தடவை படிங்க!

பணம் யார் கையில இருக்கு?

இங்கதான் அக்கவுன்டிங் சூடு பிடிக்குது. சிஏ படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் இந்தக் கேள்வியை எழுதியிருக்கும்: விமானத்தை 3 வருஷத்துக்கு ஒரு தடவை ஓவர்ஹால் பண்ணணும்னு சட்டம் சொல்லுது, அந்தச் செலவுக்கு ஏர்லைன் இப்பவே ப்ரொவிஷன் போடலாமா? ஐஏஎஸ் 37-ல உதாரணமாவே இருக்குற கேள்வி. பதில்: கூடாது. ஏன்னா, சொந்த விமானத்தை நாளைக்கே வித்துட்டா அந்தச் செலவு உங்களுக்கு வராது, அதனால அது இன்னைக்குக் கடன் ஆகாது. அதுக்குப் பதிலா, ஓவர்ஹாலை விமானத்தோட ஒரு தனி பாகம் மாதிரி பிரிச்சு, அதோட ஆயுளுக்குள்ள தேய்மானமா எழுதணும்.

வாடகை விமானம்னா கதை தலைகீழ். இந்திய ஏர்லைன்கள் ஓட்டுறதுல பெரும்பகுதி லீஸுக்கு எடுத்ததுதான். திருப்பிக் குடுக்கும்போது கால், இன்ஜின் எல்லாம் இந்த நிலையில இருக்கணும்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கும். வித்துட்டுத் தப்பிக்க முடியாது. அதனால ப்ரொவிஷன் போட்டே ஆகணும். பல ஒப்பந்தங்கள்ல லீஸ் குடுத்தவர் அதுக்கும் மேல ஒரு படி போய், மாசாமாசம் எத்தனை லேண்டிங்னு எண்ணி, அதுக்கான பணத்தைத் தன் கையிலேயே வாங்கி வச்சுக்குவார். இதுக்கு மெயின்டனன்ஸ் ரிசர்வ்னு பேரு. ஓவர்ஹால் பண்ணி பில் காட்டினா அதுலேர்ந்து திருப்பித் தருவார்.

ஏன் இவ்வளவு சந்தேகம்? கோ ஃபர்ஸ்ட் கதையைப் பாருங்க. 2023 மே மாசம் திவால் மனு போட்டு பறக்குறதை நிறுத்துச்சு. மாரடோரியம் வந்ததால விமானச் சொந்தக்காரங்களால தங்க விமானத்தையே எடுத்துட்டுப் போக முடியலை. போய்ப் பார்க்கவும் பராமரிக்கவுமே டெல்லி உயர் நீதிமன்றத்துல ஜூலை மாசம் அனுமதி வாங்க வேண்டியிருந்துச்சு. 54 விமானத்தோட பதிவை ரத்து பண்ணுங்கன்னு டிஜிசிஏ-வுக்கு உத்தரவு வந்தது 2024 ஏப்ரல்ல. கிட்டத்தட்ட ஒரு வருஷம். அந்த வருஷம் முழுக்க லேண்டிங் மீட்டர் பூஜ்யத்துல, காலண்டர் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

பணத்தோட காகிதமும் முக்கியம். காலுக்குள்ள இருக்குற சில பாகங்களுக்கு ஓவர்ஹால் பண்ணாலும் நீட்டிக்க முடியாத மொத்த ஆயுள் உண்டு. அது தயாரான நாள்லேர்ந்து எந்த விமானத்துல எத்தனை தடவை இறங்குச்சுன்னு விட்டுப்போகாம ரெக்கார்டு வேணும். ரெக்கார்டு தொலைஞ்சா, பளபளன்னு இருக்குற பாகமும் விலைக்குப் போகாது. வீட்டுப் பத்திரத்துல மூலப்பத்திரம் காணோம்னா என்ன ஆகுமோ, அதே நிலைமை.

இதுல அரசாங்கம் செஞ்ச நல்ல காரியம் ஒண்ணைச் சொல்லிடறேன். விமானப் பராமரிப்பு வேலைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா இருந்ததை 2020 ஏப்ரல்லேர்ந்து 5 சதவீதமாக்கினாங்க. 2024 ஜூலைலேர்ந்து விமான உதிரிபாக இறக்குமதிக்கும் ஒரே மாதிரி 5 சதவீத ஐஜிஎஸ்டி. வேலை வெளிநாட்டுக்குப் போறதுக்கு வரியே காரணமா இருந்த நிலைமை இதனால கொஞ்சம் குறையும்.

இதை உங்க கணக்குல எப்படிப் பார்க்கிறது?

சொந்தக் கார் வச்சு கேப் ஓட்டுற அண்ணன்கிட்ட ஒரு நாள் வருமானம் கேளுங்க. வசூல்ல டீசல், கமிஷன், இஎம்ஐ கழிச்சு மீதியைச் சொல்வார். நாலு டயர் 20,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் ஓடும்னு வச்சா கிலோமீட்டருக்கு 50 பைசா. நாளைக்கு 200 கிலோமீட்டர்னா 100 ரூபாய். கிளட்ச், பேட்டரி, இன்சூரன்ஸ், எஃப்சி இதையும் சேர்த்தா அவர் 'லாபம்'னு வீட்டுக்குக் கொண்டுபோறதுல ஒரு பகுதி கார்க்காரப் பணம். டயர் தேய்ஞ்ச அன்னைக்கு அது 'திடீர் செலவு'ன்னு பேர் வாங்கிக்கிட்டு, நகைக்கடனா மாறும்.

அதனாலதான் நான் எமர்ஜென்சி ஃபண்டையும் இந்தப் பணத்தையும் ஒரே அக்கவுன்ட்ல வைக்காதீங்கன்னு சொல்றேன். ஆஸ்பத்திரிச் செலவு எப்போ வரும்னு தெரியாது, அதுக்கு எமர்ஜென்சி ஃபண்டு. டயர், பள்ளிக்கூட ஃபீஸ், அபார்ட்மென்ட் லிஃப்ட்டு இதெல்லாம் தேதி தெரிஞ்ச செலவு. ஒரு தனி ஆர்டி போதும். எவ்வளவு போடணும்னு கண்டுபிடிக்க, பயன்பாட்டை வச்சு ஒரு கணக்கு, வருஷத்தை வச்சு ஒரு கணக்கு, ரெண்டும் போடுங்க. பெருசா வர்றதை எடுங்க.

ஏர்லைன் பங்கு வச்சிருக்கிறவங்க, லாபத்தைப் பார்த்துட்டு ஆண்டறிக்கையை மூடிடாதீங்க. இண்டிகோவை நடத்துற இன்டர்குளோப் ஏவியேஷன் கணக்குல 'சப்ளிமென்டரி ரென்டல்ஸ்'னு வர்ற செலவு இருக்கும், அதைத் தேடுங்க. ப்ரொவிஷன்ஸ் நோட்டுக்குப் போய், விமானத்தைத் திருப்பிக் குடுக்குறதுக்கும் ஓவர்ஹாலுக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்காங்கன்னு மூணு, நாலு வருஷத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. விமான எண்ணிக்கை ஏறுது, ஒதுக்கீடு ஏறலைன்னா, ஏன்னு கேளுங்க. சொந்த விமானம் கூடியிருக்கலாம், ஒப்பந்தம் மாறியிருக்கலாம். பதில் அடுத்த சில நோட்டுலயே கிடைக்கும். கையில ரொக்கம் நிறைய இருக்குன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, அதுல எவ்வளவு காலுக்கும் இன்ஜினுக்கும் போகப்போறதுன்னு கழிச்சுப் பாருங்க.

இது எந்தப் பங்கையும் வாங்கவோ விக்கவோ சொல்ற ஆலோசனை இல்லை. இன்ஜின் ரிசர்வ் கணக்கு இதைவிட பல மடங்கு பெருசு, அதுக்கு ஒயிட்போர்டு வேணும். அடுத்த வீடியோல பார்க்கலாம்.