இடித்துக் கட்டட்டும், திரும்பி வர வீடு உண்டா? வாரிய வீட்டுக்காரர்களின் கவலை

சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 27.12.2021 திங்கட்கிழமை காலை 24 வீடுகள் கொண்ட ஒரு மாடிக் கட்டிடம் ‘மடமட’வென்று சரிந்தது. கண்மூடித் திறப்பதற்குள் மண்மேடு. குடிசை மாற்று வாரியம் 1993ல் கட்டிய கட்டிடம் அது. வயசு 28தான்!

முந்தின இரவே சுவரில் விரிசல் பெரிதாகத் தெரிந்தது. காலையில் எல்லோரும் பிள்ளை குட்டிகளோடு கீழே இறங்கிவிட்டார்கள். அதனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. பண்ட பாத்திரம்தான் இடிபாட்டுக்குள் போயிற்று. குடும்பத்துக்கு ரூ.1 லட்சமும் மாற்று வீடும் தருவதாக அரசு அறிவித்தது.

அன்று சாயந்திரம் வாரிய வீடுகளில் குடியிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தது தங்கள் வீட்டுக் கூரையைத்தான். காரை பெயர்ந்து கம்பி தெரியாத கூரை எத்தனை வீட்டில் இருக்கிறது? மழை பெய்தால் மாடிப்படியில் தண்ணீர், கழிவுநீர்க் குழாயில் ஓட்டை, அதன் ஈரத்தில் ஊறி உப்பிப்போன சுவர். இடித்துக் கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ‘காலி பண்ணுங்க’ என்றதும் வயிற்றில் புளி கரைகிறதே, அதற்குக் காரணம் வேறு.

அப்போது கூரைவீடு, இப்போது மாடிவீடு

குடிசை மாற்று வாரியம் 1970ல் பிறந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டித் தருவதுதான் அன்றைய திட்டம். மீன் பிடிப்பவர் கடற்கரையிலேயே இருந்தார். மூட்டை தூக்குபவர் மார்க்கெட் பக்கத்திலேயே இருந்தார். வீடு என்னவோ சின்னதுதான், இருநூறு, இருநூற்றைம்பது சதுர அடி. ஆனால் வேலைக்கு நடந்து போய்விடலாம்.

பிறகு காற்று திசை மாறியது. நகருக்குள் நிலம் விலை ஏறியது. 2000ம் ஆண்டு முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்தவர்களை லாரியில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். வீட்டு வேலை செய்த பெண்களுக்கு வேலை போச்சு. பிள்ளைகளுக்குப் படிப்பு பாதியில் நின்றது. பஸ் சார்ஜுக்கே பாதிக் கூலி சரி.

இந்தக் கதை தெரியாத குடும்பம் சென்னையில் இல்லை. 2021ல் வாரியத்தின் பெயர் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாறியது. ஜனங்கள் வாயில் இன்றும் அது ‘ஸ்லம் போர்டு’தான். பயமும் பழைய பயம்தான்.

24 ஆயிரம் எத்தனை நாளைக்கு?

பழைய கட்டிடத்தை இடித்துப் புதிது கட்டும்வரை குடியிருப்பவர் எங்கே போவது? வெளியே வாடகைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்காகக் குடும்பத்துக்கு முன்பு ரூ.8 ஆயிரம் கொடுத்தார்கள். அதை 2021ல் ரூ.24 ஆயிரமாக உயர்த்தினார்கள். மூன்று மடங்கு. நல்ல விஷயம்தான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை இரண்டு வருஷம் இழுத்தால் மாசத்துக்கு ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாய்க்குச் சென்னையில் வீடு அல்ல, சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. வீட்டுக்காரர் கேட்பது பத்து மாச அட்வான்ஸ். ஐயாயிரம் வாடகை என்றால் அட்வான்ஸ் மட்டும் அரை லட்சம். கையில் இருப்பது 24 ஆயிரம். மிச்சத்துக்கு வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். புது வீட்டுக்கு வரும்போது கடனும் கூடவே வருகிறது.

புளியந்தோப்பு சொல்லும் பாடம்

புளியந்தோப்பு கே.பி.பார்க்கில் பழைய வீடுகளை இடித்துவிட்டு, இரண்டு கட்டமாக 1,920 வீடுகள் கட்டத் திட்டம் போட்டார்கள். முதல் கட்டத்தில் 864. பழைய இடத்துக்காரர்கள் பக்கத்திலேயே தகரக் கொட்டகைகளில் காத்துக் கிடந்தார்கள். வீடு எழும்பியது. 2020ல் கொரோனா வந்தது. புது வீடுகள் நோயாளிகளுக்கான முகாம் ஆயின. வீட்டுக்கு உரியவர்கள் தகரத்துக்கு அடியில் வெந்தார்கள்.

கடைசியில் 2021ல் குடியேறினார்கள். சுவரைக் கையால் சுரண்டினால் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது! அந்த ஆகஸ்டில் ஊரே பேசியது. கட்டிடத்தைச் சோதிக்க ஐ.ஐ.டி. நிபுணர்கள் அழைக்கப்பட்டார்கள்.

பூச்சு விவகாரத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால், கே.பி.பார்க்கில் நடந்த ஒரு காரியத்தைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பாமல் அங்கேயே குடியேற்றினார்கள். நாலு மாடி இருந்த இடத்தில் எட்டு, பத்து மாடி எழுப்பினால், பழைய ஆட்கள் எல்லோருக்கும் 400 சதுர அடியில் வீடு கொடுத்தும் மிச்சம் நிற்கும். ஆகவே இடம் போதாது என்று யாரும் சாக்கு சொல்ல முடியாது.

எல்லோரையும் ஒரே நாளில் காலி செய்யச் சொல்ல வேண்டியதும் இல்லை. வளாகத்தில் மைதானமோ காலி மனையோ இருந்தால் முதல் கட்டிடத்தை அங்கே எழுப்பலாம். ஒரு பிளாக் ஜனங்களை அதில் ஏற்றிவிட்டு, அவர்கள் விட்ட பிளாக்கை இடிக்கலாம். இப்படியே சங்கிலி மாதிரி போகலாம். சிங்கப்பூரில் 1995ல் தொடங்கிய மறுகட்டுமானத் திட்டத்தில், பக்கத்திலேயே புது வீட்டைக் கட்டிச் சாவியைக் கொடுத்த பிறகுதான் பழைய வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நாள் அதிகம் பிடிக்கும். காண்டிராக்டருக்கு இது பிடிக்காது. ஒரே வீச்சில் இடித்துத் தரைமட்டமாக்கினால்தான் அவருக்கு லாபம்.

புது வீட்டிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. எட்டாவது மாடியில் இட்லிக் கடை போட முடியுமா? இஸ்திரி வண்டியை எங்கே நிறுத்துவது? லிப்ட் நின்றுபோனால் முட்டி வலிக்காரப் பாட்டி வீட்டுக்குள்ளேயே கைதி. மாசாமாசம் பராமரிப்புக் கட்டணம் வேறு.

யார் பெயரில் வீடு?

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் காகிதம். ஒதுக்கீட்டு உத்தரவு அப்பா பெயரில் இருக்கும். அப்பா செத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். கல்யாணமான இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் நடுவே திரை கட்டிக் குடித்தனம் நடத்துவார்கள். புது வீடு ஒன்றுதான். யாருக்கு? ஒதுக்கீடு பெற்றவரிடம் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கி, இருபது வருஷமாகக் குடியிருப்பவர் கதி என்ன? வாடகைக்கு இருப்பவரைக் கேட்கவே வேண்டாம். கூரை இடிந்தால் அவர் தலையிலும்தான் விழும். புது வீட்டுப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இருக்காது.

அதனால்தான் வளாகத்துக்குள் கணக்கெடுப்பு ஆட்கள் வருகிறார்கள் என்றால் பரபரப்பு. ரேஷன் கார்டு, கரண்ட் பில், பழைய ரசீது எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து வெளியே வருகின்றன. கதவு பூட்டியிருந்தால் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில், அன்றைய கூலி போனால் போகட்டும் என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.