பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்

ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு என்று எந்தப் பக்கம் போய் விசாரித்தாலும், பரணிலோ பீரோவுக்கு மேலோ ஓர் அரசு லேப்டாப் கிடக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில், எல்காட் கொள்முதல் செய்து மாணவர்களுக்குக் கொடுத்தவை. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சிடாக் உருவாக்கிய இயங்குதளம் அது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடையில் முதல்முறை ஃபார்மட் போட்டபோதே அது போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் இது.

இப்போது அதே லேப்டாப்பை மீண்டும் லினக்ஸ்தான் காப்பாற்ற வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 அந்தக் காலத்து இயந்திரங்களில் கிடையாது.

எந்த லினக்ஸ் போடலாம் என்று கேட்பவர்கள் திரையின் அழகை வைத்தே கேட்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ரேம். 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ். ஐஸ்டபிள்யூஎம் என்ற மிகச் சிறிய சாளர மேலாளரோடு வருவதால் அது ரேமை மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி என்றால் லுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஆனால் எதைப் போட்டாலும் ரேமைத் தின்பது பிரவுசர்தான். நாலைந்து டேப் திறந்தால் 2 ஜிபி லேப்டாப் திணறும். அதை எந்த லினக்ஸும் மாற்றாது. இன்னொரு 2 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால் கிடைக்கும் வேகம், இயங்குதளத்தை மாற்றுவதால் மட்டும் வராது.

பிராசஸர் 32 பிட்டா என்றும் பாருங்கள். பழைய ஆட்டம் நெட்புக்குகளில் சில அப்படி. உபுண்டு குடும்பம் 32 பிட்டை எப்போதோ கைவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13லும் அதற்கு இன்ஸ்டாலர் இல்லை. டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23இல் இருக்கிறது.

உண்மையான சோதனை வைஃபையில்தான். பலர் மனம் வெறுத்துத் திரும்புவது இங்கேதான். ஆகவே ஹார்டு டிஸ்க்கில் எதையும் தொடாமல், பென் டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பாருங்கள். டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று சின்ன எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, மைனஸ், கே சேர்த்துத் தட்டினால் உள்ளே இருக்கும் முக்கியமான சிப்கள் வரிசையாக வரும். நெட்வொர்க் வரிக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது. அதேரோஸ், இன்டெல் சிப்கள் பெரும்பாலும் தொந்தரவு தராது. பிராட்காம் என்றால் டிரைவரைத் தனியாக இறக்க வேண்டியிருக்கலாம். அதற்கு நெட் வேண்டுமே என்று கலங்க வேண்டாம்: போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள், லினக்ஸ் அதை உடனே பிடித்துக்கொள்ளும். சத்தம், டச்பேட், கேமரா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

டெல்டாக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து நெல் காயும் வீடுகளில் சுணையும் தூசியும் லேப்டாப்பின் காற்றுத் துளைக்குள் போய் அடைந்துவிடும். ஃபேன் அடைத்தால் பிராசஸர் சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப் பழசாகிவிட்டது என்று நாம் நினைப்போம். இன்ஸ்டால் செய்யும் முன் பின்மூடியைக் கழற்றி, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள்.

பழைய டிஸ்க்கில் இருக்கும் பட்டா, சிட்டா ஸ்கேன்களையும் கல்யாணப் போட்டோக்களையும் வேறொரு டிரைவில் எடுத்து வைத்த பிறகே இன்ஸ்டால் பட்டனைத் தொடுங்கள். தமிழ்99 விசைப்பலகையை அமைப்பது அடுத்த வாரம்.

(தொடரும்)