பீரோவில் பூட்டிய மார்க்‌ஷீட்

மே, ஜூன் வந்துவிட்டால் என் கைபேசி ஓயாது. சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவார்கள். "சார், காலேஜ்ல ஒரிஜினல் தர மாட்டேங்கிறாங்க. திங்கக்கிழமை ஜாயினிங்." எத்தனை நாளாகக் கேட்கிறீர்கள் என்றால், "மூணு மாசமா நடையா நடக்குறோம் சார்" என்பார்கள். எழுதிக் கொடுத்தீர்களா என்றால் பதிலே இருக்காது.

கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். அந்த இரும்பு பீரோ எனக்கு நன்றாகத் தெரியும். சேர்க்கை நாளன்று "வெரிஃபிகேஷன்" என்று சொல்லி வாங்குவார்கள். பத்தாம் வகுப்பு, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், டிசி, சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் ஒரு காக்கி உறைக்குள் போகும். மேலே சேர்க்கை எண் எழுதி, துறைவாரியாகக் கட்டி அடுக்கிவிடுவோம். பெற்றோர் ஒரு ஜெராக்ஸ்கூட எடுத்திருக்க மாட்டார்கள். பிள்ளைக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில், நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். நான்கு வருடம் கழித்துத்தான் அந்த உறை ஞாபகத்துக்கு வரும்.

விதி என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை தெளிவாக இருக்கிறது. அசல் சான்றிதழ்களை மாணவர் எதிரிலேயே சரிபார்த்து, சான்றொப்பமிட்ட நகலை வைத்துக்கொண்டு, அசலை உடனே திருப்பித் தர வேண்டும். கட்டண பாக்கி, படிப்பை இடையில் நிறுத்தியது என்று எந்தக் காரணத்துக்காகவும் அவற்றைப் பிடித்து வைக்கக் கூடாது. கல்விச் சான்றிதழ் சந்தையில் விற்கிற சரக்கு அல்ல, அதைக் கடனுக்கு ஈடாக வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நகைக்கடனுக்கு நகையைப் பிடித்து வைப்பதுபோல் மார்க்‌ஷீட்டைப் பிடித்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை. பாக்கி இருந்தால் கல்லூரி அதை வசூலிக்க சிவில் நீதிமன்றம் போகலாம். பாக்கியைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு.

போன வருடம் ஒரு தகப்பனார் மகளோடு வந்திருந்தார். பி.இ. கடைசி செமஸ்டர் முடித்த பெண், கையில் கேம்பஸ் ஆஃபர். பஸ் கட்டணம், விடுதி பாக்கி என்று அறுபதாயிரம் ரூபாய் சொச்சம் காட்டி உறையைத் தர மறுக்கிறார்களாம். "கவுண்ட்டர்ல இருக்குற அம்மா 'பணத்தைக் கட்டிட்டு வாங்கிக்கோ'ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கய்யா" என்றார். பெண் பேசவே இல்லை. நகத்தால் ஆஃபர் லெட்டர் ஓரத்தைக் கீறிக்கொண்டே இருந்தது. ஜாயினிங்குக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. என்னிடம் வருகிறவர்களில் அத்தனை நாள் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் அபூர்வம். அதனால்தான் அந்தப் பெண்ணுக்குக் காரியம் நடந்தது.

என்ன செய்தோம் என்பதை அப்படியே சொல்கிறேன். தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

மனு ஒரே பக்கம். பெறுநர் கல்லூரி முதல்வர். அலுவலகக் கண்காணிப்பாளருக்கோ துறைத்தலைவருக்கோ எழுதிப் பயனில்லை. முதல் பத்தியில் பெயர், பதிவு எண், படிப்பு, சேர்ந்த வருடம். அடுத்து, எந்தத் தேதியில் எந்தெந்தச் சான்றிதழைக் கொடுத்தோம் என்று ஒவ்வொன்றாக, சான்றிதழ் எண்ணோடு. எண் தெரியவில்லையா? டிஜிலாக்கரில் பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்களை இறக்கிப் பாருங்கள். பிறகு வேலையில் சேர வேண்டிய தேதி, ஆஃபர் லெட்டர் நகல் இணைப்பு. கடைசியாக, 2018 அக்டோபர் அறிவிக்கையைக் குறிப்பிட்டு, ஏழு நாளுக்குள் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தரும்படி ஒரு வரி. அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம், அப்பாவின் சர்க்கரை நோய், "தாங்கள் பெரிய மனது வைத்து" எல்லாம் வேண்டாம். பாக்கியைப் பற்றியும் இந்த மனுவில் ஒரு சொல் கூடாது. தவணை கேட்க வேண்டுமானால் அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், தபால் வாங்கும் மேசையில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்க வேண்டும். "வெச்சுட்டுப் போங்க, சார்கிட்ட சொல்றேன்" என்பார்கள். வைத்துவிட்டு வந்தால் அந்தத் தாள் குப்பைக்கூடைக்குப் போகும். நானே போட்டிருக்கிறேன், வெட்கத்தோடுதான் சொல்கிறேன். முத்திரை தர மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றைக்கே அதே மனுவை மாணவரின் சொந்த மின்னஞ்சலிலிருந்து முதல்வரின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அடுத்து தபால் நிலையம். பதிவுத் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டதால், விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்த்ததற்கான ஒப்புகையையும் கேட்டு வாங்குங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள். நாளடைவில் எழுத்து மங்கிவிடும் தாளில் அச்சாகியிருக்கலாம், அன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பவும் சொல்கிறேன்: வாயால் கேட்டது கேட்டதாகவே ஆகாது. மூன்று மாதம் நடந்ததற்கு ஒரு சாட்சியும் கிடையாது.

ஏழு நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த படி, கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு. 2023 ஏப்ரலில் யுஜிசி கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி இந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைப்பதும் அந்த ஒழுங்குமுறையில் குறை என்று பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. புகார் வந்த 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆம்பட்ஸ்பர்சன் என்று கேட்டால்தான் அலுவலகத்தில் புரியும். ஓய்வு பெற்ற துணைவேந்தரோ, பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பொறுப்பில் இருப்பார். அவர் 30 நாளில் முடிக்க வேண்டும். தனியார் பொறியியல் கல்லூரி என்றால் அது எந்தப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருக்கிறதோ அங்கே உள்ள குறைதீர்ப்பாளர். இந்த விவரம் கல்லூரி இணையதளத்திலும் தகவல் கையேட்டிலும் இருக்க வேண்டும் என்பது விதி. எத்தனை கல்லூரிகள் போட்டிருக்கின்றன என்று நீங்களே தேடிப் பாருங்கள். எனக்குச் சொல்ல வாய் கூசுகிறது.

கூடவே யுஜிசியின் இ-சமாதான் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். மனுவின் முத்திரையிட்ட பிரதியை அதில் ஏற்ற வேண்டும். வெறும் புலம்பலை ஏற்றினால் கல்லூரிக்கு அனுப்பி, கல்லூரி "மாணவர் எங்களை அணுகவில்லை" என்று எழுதி, புகாரை முடித்துவிடுவார்கள். முத்திரை ஏன் முக்கியம் என்று இப்போது தெரிகிறதா?

காவல் நிலையத்துக்கு முதலில் ஓடாதீர்கள். "இது சிவில் மேட்டர், காலேஜ்ல பேசிக்கோங்க" என்று அனுப்பிவிடுவார்கள், இரண்டு நாள் வீண். நுகர்வோர் ஆணையத்தையும் நம்பி உட்கார வேண்டாம். கல்வி நுகர்வோர் சட்டத்தில் சேவையா இல்லையா என்பதிலேயே நீதிமன்றங்களில் இழுபறி இருக்கிறது. அவசரம் என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள். தொலைபேசி உதவிக்கு 15100. அங்கிருந்து போகும் ஒரு நோட்டீஸுக்கே பல பீரோக்கள் திறந்துகொள்ளும். திறக்காவிட்டால் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு.

அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. குறைதீர் குழுவுக்குப் போட்ட மனு போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்தே போன் வந்தது. பாக்கியை நான்கு தவணையாகக் கட்டுகிறோம் என்று தகப்பனார் தனியாக எழுதிக் கொடுத்தார். கட்டியும் முடித்தார்.

உதவித்தொகை மாணவர்கள் விஷயம் தனி. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் அரசு வைத்த வரம்புக்குள் இருந்தால், கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்பதற்கு 2012-இல் அரசாணை 92 வந்தது. "கவர்ன்மென்ட் பணம் இன்னும் வரல, நீ கட்டு" என்று அந்தப் பிள்ளைகளின் உறையை முடக்குவது அநியாயம். அரசு தாமதித்தால் அதற்குப் பிணை அந்தப் பிள்ளையா? மனுவின் ஒரு பிரதி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்குப் போகட்டும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும்: உதவித்தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கே வந்து, அதை வீட்டில் செலவழித்துவிட்டு, கல்லூரியின் மேல் புகார் சொல்கிறவர்களும் உண்டு. பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு மனு எழுதுங்கள்.

படிப்பை நடுவில் நிறுத்துகிறவர்களிடம் "நாலு வருஷ ஃபீஸையும் கட்டு" என்கிறார்களே, அதற்கும் அதே 2018 அறிவிக்கையில் பதில் இருக்கிறது. நடக்கிற செமஸ்டர் அல்லது ஆண்டுக்கு மேல் முன்பணம் வாங்குவதையே அது தடுக்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுப்பணம். அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். நாள் தள்ளத் தள்ள 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, கடைசி நாளுக்குப் பின் முப்பது நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது. அண்மைக் கல்வியாண்டுகளில் இதைவிடத் தாராளமான தேதிகளை யுஜிசி தனியாக அறிவித்து வந்திருக்கிறது. உங்கள் வருடத்துச் சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு விலகல் கடிதம் கொடுங்கள். அதற்கும் முத்திரை வாங்குங்கள்.

கல்லூரியிலிருந்து மீட்ட உறையை நேராகக் கொண்டுபோய்க் கம்பெனியில் கொடுப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. சின்ன ஐ.டி. கம்பெனிகள், தனியார் மருத்துவமனைகள், பயிற்சி தந்து வேலைக்கு எடுப்பதாகச் சொல்லும் கன்சல்டன்சிகள் "பாண்டு போட்டிருக்கோம், ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கட்டும்" என்பார்கள். செவிலியர் வேலைக்குப் போகும் பெண்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். பாண்டு என்பதே செல்லாது என்று சிலர் தைரியம் சொல்வார்கள், நம்பாதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் தர வேண்டும் என்ற ஒரு வங்கியின் ஒப்பந்தத்தை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சரி என்றது. ஆக, பாண்டு பணப் பொறுப்பாக உங்கள் மேல் வரலாம். படித்துப் பார்த்து, தொகை நியாயமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் பாண்டு இருக்கிறது என்பதற்காக மார்க்‌ஷீட்டைக் கொடுக்க வேண்டியதில்லை. வெற்றுக் காசோலையும் கொடுக்கக் கூடாது. "சரிபார்த்துவிட்டுக் கையோடு கொடுங்கள், டிஜிலாக்கர் பிரதி அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். டிஜிலாக்கரில் துறைகள் வழங்கிய ஆவணம் அசலுக்குச் சமம் என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது. அதற்கும் ஒப்பாத கம்பெனி, ஆறு மாதம் கழித்து உங்களை எப்படி நடத்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொடுத்து மாட்டியவர்கள் மேலே சொன்ன அதே வகையில் எழுதி அனுப்பி, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

சில சமயம் உறையே காணாமல் போயிருக்கும். "தேடிட்டிருக்கோம்" என்று இழுப்பார்கள். தேடட்டும், ஆனால் தங்கள் அலுவலகத்தில் தொலைந்தது என்று கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை பதிந்து அச்செடுத்துக்கொண்டு, இரண்டாம்படி மதிப்பெண் பட்டியலுக்கு விண்ணப்பியுங்கள். அதைத் தருவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். சென்னை நுங்கம்பாக்கத்தில் டிபிஐ என்று இன்னமும் எல்லோரும் சொல்லும் வளாகத்தில் இருக்கிறது.

கடைசியாக, உறை கைக்கு வரும் நாள். ஒரு பதிவேட்டை நீட்டி, "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற கட்டத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பின்னால் வரிசை நிற்கும், அவசரப்படுத்துவார்கள். கவுண்ட்டரிலேயே உறையைப் பிரித்து, மனுவில் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணோடு ஒப்பிடுங்கள். சேரும்போது கொடுத்த பள்ளி டிசி பெரும்பாலும் திரும்பி வராது, கல்லூரி புது டிசி தரும். அதில் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். என்னிடம் வந்த பெண் அப்படிப் பார்த்தபோது, உறைக்குள் இருந்த பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் வேறொரு பையனின் பெயர் இருந்தது.